அழுக்கு எங்கே தங்கும்? புது வீட்டின் பிளானிலேயே கேட்க வேண்டிய கேள்வி

வீடு கட்டுகிறவர்கள் பிளானைப் பார்க்கும்போது கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். வாசல் எந்தத் திசை, படுக்கையறை எத்தனைக்கு எத்தனை, கார் நிறுத்த இடம் உண்டா. இந்த வீட்டைத் தினமும் யார் பெருக்கித் துடைக்கப் போகிறார்கள், அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. குடி வந்து ஆறு மாதம் ஆன பிறகுதான் அந்தக் கேள்வி வரும். அப்போது எதை மாற்றவும் சுவரை உடைக்க வேண்டும். நம் வீடுகளில் அந்த வேலை பெரும்பாலும் பெண்களின் முதுகில்தான் விழுகிறது. அதனால் இதை அலங்காரத்துக்கு அடுத்தபடியாக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அழுக்கு சும்மா ஓரிடத்தில் ஒட்டிக்கொள்வதில்லை. ஒட்டுவதற்கு ஈரம் வேண்டும், அல்லது எண்ணெய்ப் பிசுக்கு வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கை எட்டாத ஒரு விளிம்பாவது வேண்டும். இவை மூன்றும் எங்கெங்கே உருவாகும் என்பதைப் பெரும்பாலும் பிளானே முடிவு செய்துவிடுகிறது.

குளியலறையில் தொடங்குவோம். தரையில் விழும் தண்ணீர் வடிகாலை நோக்கி ஓட வேண்டும் என்றால் வாட்டம் வேண்டும். கொத்தனார்கள் அடிக்கு ஒரு நூல் என்பார்கள். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எட்டு அடி நீளமுள்ள குளியலறையில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஓர் அங்குல வித்தியாசம் வரும். கணக்கு சுலபம்தான். சிக்கல் வடிகால் இருக்கும் இடத்தில் வருகிறது. தரைக்கு நடுவில் ஒரு புள்ளியில் வடிகால் இருந்தால், நான்கு பக்கத்திலிருந்தும் தரை அந்தப் புள்ளியை நோக்கிச் சரிய வேண்டும். வளையாத பெரிய டைலை அப்படிப் பதிக்க முடியாது. மூலைவாட்டில் வெட்டித்தான் பதிக்க வேண்டும்; அல்லது வெட்டாமல் பதித்து, வாட்டத்தைக் கோட்டைவிட வேண்டும். பல வீடுகளில் நடப்பது இரண்டாவதுதான். அதற்குப் பதிலாக, கதவுக்கு எதிர்ச் சுவரை ஒட்டி நீளவாக்கில் ஒரு வடிகால் வைத்தால் தரை முழுதும் ஒரே திசையில் சரிந்தால் போதும். பெரிய டைலையும் அப்படியே பதிக்கலாம், தண்ணீரும் கதவுப் பக்கம் வராது.

டைல் ஒட்டுவதற்கு முன்பு, சிமென்ட் தரை இறுகியதும், ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து எங்கே தேங்கி நிற்கிறதோ, அங்கேதான் வருங்காலத்தில் பாசி பிடிக்கும். சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டினால் மேஸ்திரி அன்றைக்கே சரிசெய்துவிடுவார். டைல் போட்ட பிறகு காட்டினால், 'அது தானா காஞ்சிடும் சார்' என்ற பதில்தான் வரும்.

காய்ந்துவிடும் என்பது உண்மைதான், தொல்லையும் அதிலேதான் இருக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துவருகிறது. போர் தண்ணீர் உப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இப்படிக் கரைந்திருக்கும் சுண்ணாம்பின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறோம். குடிநீரில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் உள்ள தண்ணீர் தரையில் தேங்கி ஆவியாகிறது என்று வையுங்கள். கரியமில வாயு பறந்துவிடும், கரைந்திருந்த சுண்ணாம்பு திரும்பக் கல்லாகும். ஒரு லிட்டர் முழுதும் காய்ந்தால் அரை கிராம் வரை வெள்ளைப் படிவு மிஞ்சும். தினமும் இது நடந்தால் குழாயடியில் கெட்டித் தோல் படிவதில் ஆச்சரியம் என்ன? இதே சுண்ணாம்பிலுள்ள கால்சியம் சோப்போடும் சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு பிசினாக மாறுகிறது. குளியலறைச் சுவரில் இடுப்பு உயரம் வரை மங்கலாகப் படிந்திருப்பது அதுதான்.

இப்போது ஆசிட் பாட்டில் வீட்டுக்குள் வருகிறது. சுண்ணாம்புப் படிவை அமிலம் கரைக்கும், சந்தேகமில்லை. ஆனால் டைல்களுக்கு நடுவே இருக்கும் சிமென்ட் கிரவுட்டும் கால்சியம் சேர்மங்களால் ஆனதுதானே? படிவைத் தின்ற அமிலம் கிரவுட்டையும் சேர்த்துத் தின்கிறது. அரிக்கப்பட்ட கிரவுட் முன்பைவிடச் சொரசொரப்பாகிவிடும், அதில் அழுக்கு இன்னும் ஆழமாக இறங்கும். மறுபடி ஆசிட், மறுபடி அரிப்பு. ஆறேழு வருடத்தில் இணைப்புகள் வழியே தண்ணீர் இறங்கி, கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் காட்டும். சுத்தம் செய்யச் செய்ய வீடு கெடுகிறதே என்று அந்த வீட்டம்மா நொந்துகொள்வார். தவறு அவருடையதல்ல. (ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்த்துப் போடாதீர்கள். குளோரின் வாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.)

இந்தச் சுழலை உடைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இணைப்பின் நீளத்தையே குறைப்பது. பத்துக்குப் பத்து அறையில் ஓரடி டைல் பதித்தால் குறுக்கும் நெடுக்கும் ஒன்பது ஒன்பது கோடுகள், மொத்தம் 180 அடி இணைப்பு. இரண்டடி டைல் என்றால் 80 அடிதான். சுத்தம் செய்ய வேண்டிய கோடுகளில் பாதிக்கு மேல் கடையில் டைல் வாங்கும்போதே குறைந்துவிட்டது. இன்னொன்று, குளியலறையிலும் சமையலறையிலும் சிமென்டுக்குப் பதில் எபாக்ஸி என்ற செயற்கைப் பிசினால் ஆன கிரவுட் போடுவது. அதில் நுண்துளை இல்லை, தண்ணீரும் கறையும் உள்ளே போகாது, வீட்டில் பயன்படுத்தும் அமிலமும் எளிதில் அரிக்காது. விலை கூடுதல்தான். பழக்கமுள்ள ஆளாக இல்லாவிட்டால் டைல் மேலேயே இறுகி ஒட்டிக்கொள்ளும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீடு முழுவதற்கும் அது தேவையில்லை, ஈரம் படும் இடங்களுக்குப் போதும்.

வாட்டத்தையும் தண்ணீரையும் நம்பி ஒரு முழு வீட்டையே கட்டியவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நியூபெர்க் என்ற ஊரில் வாழ்ந்த ஃபிரான்சஸ் கேப். வீட்டுவேலை என்பது முடிவில்லாத அலுப்பு என்று உறுதியாக நம்பியவர். தானே சுத்தமாகிக்கொள்ளும் வீட்டுக்கு 1984-ல் காப்புரிமை பெற்றார். அறையின் கூரையில் ஒரு தெளிப்பான் இருக்கும். முதலில் சோப்புத் தண்ணீர், அடுத்து நல்ல தண்ணீர், கடைசியில் சூடான காற்று. தரை எல்லாம் வாட்டமாக இருக்கும், தண்ணீர் ஓரத்து வடிகாலில் இறங்கிவிடும். புத்தகங்களுக்கு நீர்புகாத உறை. பாத்திர அலமாரியே பாத்திரம் கழுவும் இயந்திரம். 2016-ல், தமது 101-ஆம் வயதில் காலமானார். அந்த வீடு பரவவில்லை. அறைக்குள் மழை பெய்யும் வீட்டில் மெத்தையும் துணிமணியும் வைத்துக் குடித்தனம் நடத்த முடியாதுதான். ஆனாலும் அழுக்கைத் தேய்க்காமல் வடிய விட வேண்டும், சுத்தம் செய்யும் வசதியைக் கட்டடத்துக்குள்ளேயே கட்ட வேண்டும் என்ற அவருடைய எண்ணம் சரியானது. குளியலறைக்கும் துணி துவைக்கும் இடத்துக்கும் அது அப்படியே பொருந்தும்.

சமையலறையின் எதிரி வேறு. தாளிப்பதைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். எண்ணெய் காய்ந்ததும் கழுவிய கறிவேப்பிலையைப் போடுகிறோம். இலையில் ஒட்டியிருந்த ஒரு துளித் தண்ணீர் சூடான எண்ணெய்க்குள் மூழ்குகிறது, ஏனென்றால் தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. மூழ்கிய வேகத்தில் ஆவியாகி, பழைய கன அளவைப்போல் சுமார் 1,700 மடங்கு விரிகிறது. அந்தச் சின்ன வெடிப்பு எண்ணெயைப் பிய்த்து எறிகிறது. பெரிய துளிகள் அடுப்பைச் சுற்றியே விழும், துடைத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் சூடான காற்றோடு மேலே ஏறி, ஃபிரிட்ஜ் தலையிலும் பரணிலும் மின்விசிறியிலும் போய் உட்காருகின்றன.

முதல் நாள் அது வெறும் எண்ணெய்தான், சோப்புத் தண்ணீரில் போய்விடும். நாள்பட்டால் வேறு கதை. சூரியகாந்தி எண்ணெய், நல்லெண்ணெய் போன்றவற்றின் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றைத் தாக்க, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகின்றன. ஆளி விதை எண்ணெய் கலந்த பெயின்ட் மரத்தின்மேல் காய்வதும் இதே வேதியியல்தான். மாதக்கணக்கில் படிந்த பிசுக்கு நகத்தால் சுரண்டினாலும் வராததற்குக் காரணம், அது இப்போது எண்ணெயே இல்லை, ஒரு வகை வார்னிஷ். தேங்காய் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அது இப்படி இறுகுவதில்லை.

ஆகவே பிசுக்கு போய் உட்காரும் இடங்களைக் கட்டும்போதே இல்லாமல் செய்வதுதான் வழி. மேல் அலமாரிகளைக் கூரை வரை கொண்டுபோய் மூடுங்கள், அப்போது யாருக்கும் எட்டாத அந்தத் தலைப்பகுதியே இருக்காது. அடுப்பை வெளிச்சுவரை ஒட்டி வைத்தால் சிம்னிக் குழாய் நீளாமல், வளையாமல் நேராக வெளியே போகும். ஒவ்வொரு வளைவும் இழுவிசையைக் குறைக்கும். குழாயே இல்லாமல் கரி வடிகட்டி வழியே காற்றைத் திரும்ப அறைக்குள் விடும் சிம்னிகள் ஈரத்தையும் சூட்டையும் வெளியேற்றுவதில்லை. அடுப்புக்கு நேர் பக்கத்தில் ஜன்னல் வைப்பதும் வேண்டாம். குறுக்கே வீசும் காற்று மேலேறும் புகையைக் கலைத்து, சிம்னிக்குப் போக வேண்டியதை ஹாலுக்கு அனுப்பிவிடும். அடுப்பின் பின்சுவரில் இரண்டடி உயரத்துக்கு மட்டும் டைல் ஒட்டும் பழக்கமும் போக வேண்டும். சிம்னி வரை, முடிந்தால் கூரை வரை ஒட்டுங்கள்.

மேடைக் கல் பற்றியும் ஒரு வார்த்தை. கடப்பா கல்லும் மார்பிளும் சுண்ணாம்பு வகைக் கற்கள். புளித்தண்ணீர், எலுமிச்சைச் சாறு, மோர் சிந்தினால் அந்த இடம் பளபளப்பு இழந்து தழும்பாகிவிடும். அது கறை இல்லை, அரிப்பு. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கிரானைட் சிலிக்கேட் கனிமங்களால் ஆனது, புளிக்கும் எலுமிச்சைக்கும் அசையாது. புளி இல்லாமல் நம் சமையல் இல்லை என்பதால் மேடைக்குக் கிரானைட், உள்தட்டுகளுக்குக் கடப்பா என்ற பழைய ஏற்பாடு அறிவியல்படியும் சரியானதே.

தூசியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மின்விசிறி அவ்வளவு வேகமாகச் சுற்றியும் இறக்கையில் தூசி படிவதேன் என்று குழந்தைகள் கேட்பார்கள். இறக்கையின் பரப்பை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம் இறக்கையோடு சேர்ந்தே நகர்கிறது. அந்தப் படலத்துக்குள் புகுந்துவிட்ட துகளைப் பறக்கடிக்கப் போதுமான காற்று அங்கே இல்லை. மற்றபடி, கிடைமட்டமான ஒவ்வொரு விளிம்பும் தூசிக்கு ஒரு திண்ணை. சுவரின் அடியில் தரையை ஒட்டிப் பதிக்கும் டைல் வரிசையான ஸ்கர்ட்டிங், சுவரை விட்டு அரை அங்குலம் துருத்தும்; அதன் மேல் விளிம்பு வீடு முழுக்க நூற்றுக்கணக்கான அடி ஓடும். பூச்சு வேலையின்போதே டைலைச் சுவரோடு சமமாக உள்வாங்கிப் பதித்தால் அந்த விளிம்பு மறைந்துபோகும். ஃபால்ஸ் சீலிங்கில் விளக்குக்காக விடும் பள்ளங்களும் அப்படித்தான். பார்க்க அழகு, ஆனால் ஒட்டடைக் கம்பு போகாத இடம். நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

சுவர் ஓதத்துக்கு வருவோம். செங்கல்லின் நுண்துளைகள் விளக்குத் திரி போல நிலத்தடி ஈரத்தை மேலே இழுக்கின்றன. ஈரத்தோடு உப்பும் ஏறுகிறது. பரப்பில் தண்ணீர் ஆவியாக, உப்பு படிகமாகி, வளரும் படிகம் சுவரில் பூசிய பட்டியையும் பெயின்ட்டையும் தள்ளிப் பொரிய வைக்கிறது. மேலே எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் உள்ளே ஏறும் தண்ணீர் நிற்காது. அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே, தளமட்டத்தில், ஈரம் கடக்காத டி.பி.சி. அடுக்கு ஒன்றைப் போட்டால்தான் நிற்கும். கட்டும்போது ஒரு நாள் வேலை. பிறகு செய்வதென்றால் பெரும்பாடு. மழைநீரிலும் இப்படி ஒரு சிறு நுட்பம் உண்டு. சன்ஷேடின் முனைக்கு வந்த தண்ணீர், பரப்பு இழுவிசையால் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே உள்ளே ஊர்ந்து சுவரில் கறுப்புக் கோடு இழுக்கும். முனைக்குச் சற்று உள்ளே, அடியில் விரல் அகலத்தில் நீளமாக ஒரு காடி (பள்ளம்) விட்டால் தண்ணீரால் அதைத் தாண்ட முடியாது, அங்கேயே சொட்டிவிடும். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. கேட்டால்தான் போடுவார்கள்.

கடைசியாக, பழுது பார்க்கிறவருக்கும் இடம் வேண்டும். குழாய்களைச் சுவருக்குள் புதைத்தால் கண்ணுக்கு அழகு, துடைக்கவும் சுலபம். ஆனால் ஒவ்வொரு குளியலறைக்கும் தனி வால்வு, அதைத் திருப்பக் கை நுழையும் கதவு, செங்குத்துக் குழாய்களுக்கு ஆள் நிற்க இடமுள்ள ஒரு ஷாஃப்ட் இவை மூன்றும் பிளானில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வாஷர் மாற்ற டைலை உடைக்க நேரும். பூச்சு வேலை தொடங்குவதற்கு முந்தைய நாள், ஒவ்வொரு சுவரிலும் இஞ்ச் டேப்பை விரித்துப் பிடித்து, குழாயும் ஒயரும் ஓடும் பாதையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முப்பது வருடத்துக்குப் பிளம்பர் வரும்போதெல்லாம் முதலில் அந்தப் படத்தைத்தான் தேடுவீர்கள்.