டிசைன் கோர்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன்

மறுபடியும் ஒரு அப்பாவிடமிருந்து போன். மகன் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, மூன்று மாத யூஐ யூஎக்ஸ் (ஆப், இணையதளம், மென்பொருள் டிசைன்) கோர்ஸில் சேர்ந்து சான்றிதழும் வாங்கிவிட்டான். நூறு சதவீதம் வேலை என்று சொன்னவர்கள் இப்போது போனை எடுப்பதில்லை. "பையன் நல்லாத்தான் பண்ணியிருக்கான் மேடம், நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார். பார்த்தேன். சாப்பாடு டெலிவரி ஆப்புக்குப் புது முகம், செடி விற்கும் ஆப், தியானம் சொல்லித்தரும் ஆப். இதே மூன்றை, இதே வரிசையில், இதே ஊதா நிறத்தில் எத்தனை பேரிடம் பார்த்தேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். பையன்மேல் கோபமில்லை. விற்றவர்கள்மேல்தான்.

நான் சென்னை ஓஎம்ஆர் சாலை ஸ்டார்ட்அப்களில் டிசைனராகத் தொடங்கி, மருத்துவமனை மென்பொருளுக்குப் போய், இப்போது வேலையும் வகுப்புமாக ஓடிக்கொண்டிருப்பவள். எப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனீர்கள் என்று கேட்பவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

இந்தக் கோர்ஸ்களை விற்கவைக்கும் தப்பெண்ணத்தை முதலில் பிடுங்கிவிடுவோம். டிசைன் என்றால் ஸ்கிரீன் வரைவது, ஸ்கிரீன் வரைய ஃபிக்மா என்ற மென்பொருள் வேண்டும், ஆகவே ஃபிக்மா தெரிந்தவர் டிசைனர். இதுதான் இன்ஸ்டிட்யூட்களின் மொத்த வியாபாரமும். தையல் மிஷின் மிதிக்கத் தெரிந்தால் அளவெடுத்து பிளவுஸ் வெட்டத் தெரியுமா? ஃபிக்மா 2016இல்தான் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் ஸ்கெட்ச், அதற்கும் முன் ஃபோட்டோஷாப். கருவியை மட்டும் நம்பியிருந்தவர்கள் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இப்போதோ நான்கு வரி எழுதிக்கொடுத்தால் ஏஐ ஸ்கிரீன் வரைந்து தந்துவிடுகிறது. இன்னொன்றையும் கேளுங்கள்: மாணவர்களுக்கு ஃபிக்மா இலவசம். கற்றுக்கொள்ள யூடியூப் போதும். வீட்டில் உட்கார்ந்து சும்மா படிக்கக்கூடியதற்கா நகையை அடகு வைத்தீர்கள்?

ஸ்டார்ட்அப்பில் கற்றது வேகம். காலையில் வெளியிடலாம், சரிவரவில்லையென்றால் சாயங்காலம் திருப்பிவிடலாம். கூப்பன் பட்டன் தப்பான மூலையில் இருந்தால் யாரும் சாகமாட்டார்கள்.

மருத்துவமனையில் அப்படியில்லை. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரம் குறைந்தது ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைக் கொடுத்தது. சிலர் இறந்தார்கள். மென்பொருள் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். டிசைனர் கவனிக்க வேண்டியது வேறு. திரையில் வந்தது 'மால்ஃபங்ஷன் 54' (கோளாறு 54) போன்ற செய்தி மட்டும். இயக்குபவரின் கையேட்டில் அதற்கு விளக்கம் இல்லை. இப்படிப்பட்ட செய்திகள் அடிக்கடி வந்துகொண்டிருந்ததால், தொடரச் சொல்லும் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. நம் ஊர் வார்டுகளில் எச்சரிக்கைப் பெட்டி எழுந்ததும் படிக்காமலே ஓகே தட்டுகிற விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். அந்த விரலைக் குறை சொல்லாதீர்கள். ஒன்றுமில்லாததற்கெல்லாம் எச்சரிக்கை வைத்தவரைக் கேளுங்கள்.

ஒரு வார்டில் நைட் ஷிஃப்ட் சிஸ்டருடன் நின்றேன். கம்ப்யூட்டர் இருப்பது நர்ஸிங் ஸ்டேஷனில், நோயாளி இருப்பது கடைசிக் கட்டிலில். பிபி எடுக்கிறார், எண்ணை ஒரு துண்டு மைக்ரோபோர் பிளாஸ்திரியில் பேனாவால் எழுதித் தன் முன்கையில் ஒட்டிக்கொள்கிறார். விடியும்போது கை முழுக்கப் பிளாஸ்திரி. ஆறு மணிக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் மொத்தமாகப் பதிகிறார். மென்பொருளில் பார்த்தால் வார்டு முழுக்க ஒரே நேரத்தில் பிபி எடுத்ததாகத் தெரியும். மீட்டிங் ரூமில் இதற்குப் பெயர் 'பொய் என்ட்ரி'. அளவெடுத்த நேரத்துக்கு ஒரு கட்டம், பதிந்த நேரத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்தோம், பிரச்சினை அடங்கியது. அதை வரைய ஃபிக்மாவில் இரண்டு நிமிடம்கூட ஆகாது. கட்டம் எங்கே வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் ராத்திரி முழுக்க நிற்க வேண்டியிருந்தது.

மருந்து அளவில் 1.0 மி.கி. என்று போடாதீர்கள், புள்ளி தெரியாவிட்டால் அது 10. வெறும் .5 என்றும் வேண்டாம், 0.5 என்று போடுங்கள். ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றே. தேடல் பட்டியலில் அவற்றை அடுத்தடுத்து, ஒரே மாதிரித் தெரியும்படி வைத்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஹெல்த்கேர் இன்டர்வியூவுக்கு வருகிற தம்பி தங்கைகளே, மருத்துவக் கருவிகளின் பயன்பாட்டுக்கென்றே ஐஇசி 62366 என்ற தரநிலை இருக்கிறது. அதன் பெயரையாவது கேள்விப்பட்டுவிட்டு வாருங்கள்.

வகுப்பில் முதலில் லேப்டாப்பை மூடச் சொல்லிவிடுவேன். ரேஷன் கடை வரிசைக்கும் அரசு மருத்துவமனை ஓபி சீட்டு கவுன்ட்டருக்கும் போய் நில்லுங்கள் என்பேன். முகம் சுளிப்பார்கள். பெர்சோனா என்று, பயன்படுத்துபவர் இப்படி இருப்பார் எனக் கற்பனையாக ஒரு பக்கம் எழுதினால் போதாதா என்று கேட்பார்கள். 'ராகுல், 28, பெங்களூரு, காபி பிடிக்கும்' என்கிற அந்தப் பக்கத்தைத்தானே? போதாது.

கற்பிப்பவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேலை கிடைக்காத பழைய மாணவரையே மென்டராக உட்காரவைத்து, அவரையும் பிளேஸ்மென்ட் கணக்கில் சேர்க்கும் இடங்களை நானே பார்த்திருக்கிறேன். சேரும் முன் நேராகக் கேளுங்கள்: நீங்கள் செய்த எந்தப் பொருளை இன்று மக்கள் பயன்படுத்துகிறார்கள்? பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் பெற்றோர்களே, 'ஈசி இஎம்ஐ' என்று நீட்டுகிற தாள் பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் விண்ணப்பம். இன்ஸ்டிட்யூட் மூடினாலும் தவணை ஓடிக்கொண்டிருக்கும். கட்டாவிட்டால் பிள்ளையின் சிபில் ஸ்கோர், அதாவது கடன் நம்பகத்தன்மை மதிப்பெண், வேலைக்குப் போகும் முன்பே விழுந்துவிடும். வேலை உத்தரவாதம் என்று விளம்பரத்தில் இருப்பது ஒப்பந்தத்தில் 'இன்டர்வியூ உதவி' ஆகியிருக்கிறதா என்று படியுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனையையும் படியுங்கள். அவசரமில்லாமல் முறையாக டிசைன் படிக்க முடிந்தவர்களுக்கு ஐஐடி பாம்பே நடத்தும் சீட் (CEED) என்ற டிசைன் முதுநிலை நுழைவுத் தேர்வு இருக்கிறது. பிளஸ் டூவுக்குப் பின் மூன்று வருடப் படிப்பு முடித்திருந்தால் போதும், எந்தப் பாடமானாலும் எழுதலாம். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலிருக்கும் ஐஐஐடிடிஎம் காஞ்சிபுரம் என்ற மத்திய அரசுக் கல்வி நிறுவனத்திலேயே எம்.டெஸ். என்ற டிசைன் முதுநிலைப் படிப்பு உண்டு.

கடைசியாக ஒன்று, கெஞ்சியே கேட்கிறேன். மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப் செய்தவர்கள் செய்த வேலைகளைக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் அசல் ஸ்கிரீன்ஷாட்டைப் போடுகிறீர்கள். நோயாளியின் பெயர், வயது, வியாதி, மருத்துவமனை எண் எல்லாம் அதில் பளிச்சென்று தெரிகிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே நிறைவேறிவிட்டது. சட்டம் கிடக்கட்டும், அது உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டாக இருந்தால் போடுவீர்களா? மங்கலாக்கினேன் என்று சொல்லாதீர்கள், மங்கலுக்குள்ளேயே நான் படித்திருக்கிறேன். பொய்யான பெயரும் எண்ணும் போட்டுப் புதிதாக வரைந்துகொள்ளுங்கள். பழைய பக்கத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.