ஐரிஷ் சன்னலில் ஒரு வைக்கிங் கண்

ஐரிஷ் மொழியில் சன்னலுக்கு ‘ஃபின்யோக்’ என்று பெயர். ஐரிஷ் சேர்ந்த கெல்டிய மொழிக்குடும்பத்தின் அசல் சொல் போலத்தான் ஒலிக்கும். ஆனால் அது ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் விட்டுப்போன சொல். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் ‘விந்தௌகா’: ‘விந்த்ர்’ என்றால் காற்று, ‘ஔகா’ என்றால் கண். கண்ணாடி பதிக்காத காலத்து வீட்டில் வெளிச்சமும் காற்றும் வர விட்ட திறப்பே அந்தக் கண். (பழந்தமிழ்க் ‘காலதர்’ என்பதும் காற்று வரும் வழிதான், இரண்டுக்கும் உறவில்லை, ஒரே பொருளைப் பார்த்து ஒரே மாதிரி பெயரிட்டிருக்கிறார்கள்.) ஆங்கில ‘விண்டோ’வுக்கும் இதே நார்ஸ் சொல்தான் மூலம்.

795இல் அயர்லாந்துக் கரையைக் கொள்ளையடிக்க வந்த வைக்கிங்குகள், 841இல் டப்ளினில் தளம் அமைத்தார்கள். தங்கிய பிறகு சந்தைச் சொற்களும் வீட்டுச் சொற்களும் ஐரிஷுக்குள் புகுந்தன. லத்தீனிலிருந்து முன்பே வாங்கியிருந்த சன்னல் சொல்லை இந்தப் புதுச்சொல் ஓரங்கட்டிவிட்டது.

முதலெழுத்து ஏன் ‘ஃப’ ஆனது? ஐரிஷில் சொல்முதல் வகரம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ‘ஃப’வாக மாறிவிட்டது, லத்தீன் ‘வீனும்’ அங்கே ‘ஃபீன்’, அதாவது ஒயின். வகர ஒலி மிஞ்சியது, ‘ஃப’ போன்ற முதலெழுத்துகள் இலக்கணத்தால் திரியும் இடங்களில் மட்டுமே. ஆகவே காதில் விழுந்த வகரத்தைத் திரிந்த வடிவமாகக் கொண்டு, அதற்கு ‘ஃப’வில் தொடங்கும் மூலவடிவம் கொடுத்துவிட்டார்கள். நடுவிலிருந்த ‘ந்த்’ ஐரிஷின் சொந்த ஒலிமாற்றப்படி ‘ன்ன்’ ஆனது. கடைசி ‘ஔகா’, ஏற்கெனவே புழங்கிய ‘ஓக்’ விகுதியோடு கலந்தது. அந்த விகுதி பெண்பால். அதனால் நார்ஸில் அஃறிணைப் பாலாக இருந்த சன்னல் ஐரிஷில் பெண்ணாகிவிட்டது.

பெண்பால் என்பதால் வரும் விளைவு சின்னதல்ல. ஆங்கில ‘தி’ போன்ற ‘அன்’ என்ற சுட்டிடைச்சொல் முன்னால் வந்தால் ‘ஃப’வின் பின் ஓர் ‘எச்’ சேரும், இரண்டுமே ஒலிக்காது: ‘அன் இன்யோக்’. ‘மேல்’ என்னும் பொருளில் ‘எர் அன்’ முன்னே நின்றால் ‘பி, எச்’ எழுத்துகள் முன்னொட்டி ‘வின்யோக்’ ஆகும். நார்ஸ் வகரமே திரும்பி வந்தது போலிருக்கும். அயர்லாந்தின் வடமேற்கில் உள்ள டோனெகல் பக்கம் இந்த இடத்திலும் ‘இன்யோக்’தான். வேற்றுமை உருபைக் கடைசியில் தேடிப் பழகியவர்கள் தடுமாறும் இடம் இது: அச்சில் கண்ட சொல்லை அகராதியில் ‘பி’யின் கீழ் தேடினால் கிடைக்காது, ‘எஃப்’பின் கீழ்தான் இருக்கும். கடைசியும் சும்மா இருப்பதில்லை: ஆறாம் வேற்றுமையில் ‘ஃபின்யோகெ’, பன்மையில் ‘ஃபின்யோகா’.

ஐரிஷின் உறவு மொழியான ஸ்காட்லாந்துக் கேலிக்கில் சன்னல் ‘உன்யாக்’. ‘ஃப’ மறைந்த வடிவத்தையே அங்கே மூலமாக எடுத்துக்கொண்டார்கள். இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. குளிரைக் குறிக்கும் ஐரிஷ் ‘ஃபுஅர்’ ஒரு காலத்தில் வெறும் ‘ஊஅர்’. முன்னால் ஒரு ‘ஃப’ மறைந்துகிடக்கிறது என்று நினைத்து, இல்லாததைச் சேர்த்துவிட்டார்கள்.