பசால்ட்: உரைகல்லிலிருந்து வந்த பெயர்

பாறைக்குழம்பு தரையிலோ கடலடியிலோ வெளிவந்து விரைவாக ஆறி உறைந்த கரும்பாறைதான் பசால்ட். சட்டென்று ஆறிவிடுவதால் அதன் கனிம மணிகள் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியாக இருக்கும். சிலிக்கா 45 முதல் 52 விழுக்காடு. இரும்பும் மக்னீசியமும் மிகுதி; கறுப்புக்கும் கனத்துக்கும் அவையே காரணம்.

பெயரின் கதை மிகப் பழையது. முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினியின் நூலில் இருந்த 'பசனிட்டஸ்' என்ற சொல்லைப் படியெடுத்தவர்கள் 'பசால்ட்டஸ்' ஆக்கிவிட்டார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அதன் வேர் கிரேக்கத்தின் 'பசனோஸ்', அதாவது பொன்னை உரசிப் பார்க்கும் கல். பிறகு 1546இல் ஜெர்மானியக் கனிமவியலாளர் அக்ரிகோலா, ஜெர்மனியின் சாக்சனியில் ஸ்டோல்பன் கோட்டை நிற்கும் தூண்பாறைக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். அப்படியே நிலைத்துவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கருங்கல்' போதாது, கிரானைட்டையும் அப்படித்தான் அழைக்கிறோம். 'எரிமலைப் பாறை' என்றால் ரயோலைட், ஆண்டிசைட் எல்லாம் உள்ளே வந்துவிடும். பொது எழுத்துக்கு 'எரிமலைக் கருங்கல்' பொருத்தமாக இருக்கிறது. ஆய்வெழுத்தில் 'பசால்ட்' என்றே எழுதலாம். மூலச்சொல்லின் பொருளுக்கோ நம்மிடம் உரைகல் இருக்கிறது, குறளில் வரும் கட்டளைக்கல்லும் இருக்கிறது.

அந்தப் பழைய பொருளை இந்தப் பாறை இன்றும் காப்பாற்றுகிறது என்றே நினைக்கிறேன். உரைகல்லில் விழும் மஞ்சள் கீற்று பொன்னின் மாற்றைச் சொல்வதுபோல, பசால்ட்டில் இருக்கும் நுண்ணளவுத் தனிமங்கள் குழம்பு பிறந்த இடத்தைச் சொல்லும். நடுக்கடல் முகடுகளில் புவித்தட்டுகள் விலகும்போது புவியின் மேலோட்டுக்குக் கீழிருக்கும் கவசப்பாறை மேலெழும்; அழுத்தம் குறைந்து ஒரு பகுதி உருகும். அந்த பசால்ட்டில் லாந்தனம் போன்ற இலகு அருமண் தனிமங்கள் குறைவு. ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் அமிழும் இடத்தில் கதை வேறு: அமிழும் தட்டிலிருந்து கசியும் நீர் கவசத்தின் உருகுநிலையைத் தாழ்த்தும். அந்த நீர் பேரியத்தை ஏற்றிவரும், நையோபியத்தைக் கீழேயே விட்டுவிடும்; ஆகவே அங்கே பிறக்கும் பசால்ட்டில் நையோபியம் குறைவு.

மிகப் பழைய பாறைகளில் சோடியம், பொட்டாசியம், பேரியம் எல்லாம் பிற்கால வெப்பத்திலும் நீரிலும் இடம்பெயர்ந்திருக்கும். அதனால் எளிதில் நகராத டைட்டானியம், சிர்கோனியம், நையோபியம், தோரியம் இவற்றையே நம்ப வேண்டியிருக்கிறது. கிரீன்லாந்தின் இசுவாவில் சுமார் 370 கோடி ஆண்டுப் பழைய பசால்ட்டுகள் உண்டு. சில இடங்களில் தலையணைகளை அடுக்கியதுபோல உருண்டு கிடக்கின்றன. நீருக்கடியில் வழிந்து உறைந்ததற்கான அடையாளம் அது. அவற்றில் பலவற்றிலும் நையோபியம் குறைவு. அன்றே தட்டுகள் அமிழ்ந்த தடமா, மேலெழுந்த குழம்பில் பழைய மேலோடு கரைந்து கலந்த விளைவா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.