செயற்கைக்கோள் திடீரென மௌனமானால்…

விண்வெளி ஆயுதம் என்றதும் நம் ஊரில் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது 2019 மார்ச் 27. ஒடிசா கடலோரம் அப்துல் கலாம் தீவிலிருந்து கிளம்பிய, நம் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ-வின் ஏவுகணை, சுமார் 283 கி.மீ. உயரத்தில் சுற்றிய இந்தியாவின் சொந்த 740 கிலோ மைக்ரோசாட்-ஆர் செயற்கைக்கோளை நேராக மோதி உடைத்தது. தாழ்வான உயரத்தைத் தேர்ந்தது சரியான முடிவு. அங்கே மிச்சமிருக்கும் மெல்லிய காற்று சிதறல்களின் வேகத்தைக் குறைத்துக் கீழே இழுத்துவிடும். ஆனால் மோதலில் சில துண்டுகள் மேல்நோக்கித் தெறித்தன. 45 நாளில் விழும் என்று சொல்லப்பட்டவற்றில் கடைசித் துண்டுகள் விழ ஆண்டுகள் ஆயின. 2007 ஜனவரி 11 அன்று சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளான ஃபெங்யுன்-1சி-யை உடைத்ததோ சுமார் 865 கி.மீ. உயரத்தில். கண்காணிக்கக்கூடிய 3,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் கிளம்பின. பெரும்பகுதி இன்னும் சுற்றுகிறது. ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம்தான். நொடிக்கு 10 கி.மீ. வேகத்தில் அது மோதினால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் ஒரு டன் கார் முட்டிய ஆற்றல் இருக்கும்.

குப்பைக்கு நாடு தெரியாது. உடைத்தவரின் செயற்கைக்கோளையும் அது உடைக்கும். இஸ்ரோ மோதல் தவிர்ப்புக்காக 2023-இல் மட்டும் 23 முறை தன் கோள்களை நகர்த்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு நகர்த்தலும் எரிபொருளைத் தின்னும்; எரிபொருள் குறைந்தால் கோளின் ஆயுளும் குறையும்.

ஆகவே பகை நாடுகளுக்கிடையே முதலில் வரக்கூடியது ஏவுகணை அல்ல, சத்தமில்லாத இடையூறு என்பதே எங்கள் கணிப்பு. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதிகளில், விமானங்களின் ஜிபிஎஸ் சிக்னலில் 465 குறுக்கீடுகள் பதிவானதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2022 பிப்ரவரி 24, உக்ரைன் போர் தொடங்கிய நாளில், வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் இணையச் சேவையைத் தாக்கியவர்கள் கோளைத் தொடவே இல்லை. தரையிலிருந்த மோடம்களின் மென்பொருளை அழித்தார்கள். ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பும் அதோடு போனது.

சிக்கல் இங்கேதான் கூர்மையாகிறது. சிக்னல் போனால் காரணம் பழுதா, தாக்குதலா? வரிசை தவறாமல் பார்க்க வேண்டும். முதலில் தரை நிலையம்: மின்சாரம், ஆன்டெனா திசை, வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் முன்பெருக்கி. வேறொரு நிலையத்தில் அதே கோள் கேட்கிறதென்றால் கோள் குற்றமற்றது. அடுத்து சூரியன். வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைக் கோள்களுக்கு மார்ச், செப்டம்பர்-அக்டோபர் வாக்கில் சூரியன் நேர் பின்னால் வரும் சில நிமிடங்கள் இரைச்சல் ஏறும். சூரியப் புயல் எச்சரிக்கை இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். அதன்பிறகே, எந்த அலைவரிசையில் எவ்வளவு வலிமை என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர். இரைச்சல் மட்டம் மொத்தமாக உயர்ந்திருந்தால் ஜாமிங், அதாவது வேண்டுமென்றே இரைச்சலை அனுப்பி சிக்னலை மூழ்கடிப்பது, என்று சந்தேகிக்கலாம். போலி சிக்னல் அனுப்பும் ஸ்பூஃபிங் இன்னும் தந்திரமானது: சிக்னல் இருக்கும், ஆனால் பொய் சொல்லும். தொடுவானத்தருகே தெரியும் கோளும் தலைக்கு மேலுள்ள கோளும் ஒரே வலிமையில் தெரிவது, கடிகாரம் திடீரென்று தாவுவது ஆகியவை அதன் அடையாளங்கள்.

இதைச் சரிபார்க்க மணிக்கணக்காகும். யார் செய்தது என்று நிரூபிக்க நாட்கணக்காகும். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே ஏவுகணை பறக்க ஆகும் நேரமோ சில நிமிடங்கள். பதற்ற நேரத்தில் கடற்படையின் ஜிசாட்-7 போன்ற ஒரு ராணுவத் தகவல்தொடர்புக் கோள் மௌனமானால், சாதாரணப் பழுதையே முதல் அடியாக எண்ணிப் பதிலடி கொடுக்கும் ஆபத்து உண்டு. எங்களுக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

1967 விண்வெளி ஒப்பந்தம் அணுகுண்டையும் பேரழிவு ஆயுதங்களையும் சுற்றுப்பாதையில் நிறுத்தத் தடை விதிக்கிறது. ஜாமிங்கைப் பற்றிப் பேசவில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் 2005-இல் செய்த ஒப்பந்தப்படி பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனையைக் குறைந்தது 3 நாள் முன்பே தெரிவிக்க வேண்டும். நிலத்திலிருந்தோ கடலிலிருந்தோ ஏவி, தரை இலக்கை நோக்கிப் பாயும் ஏவுகணைகளுக்கு மட்டுமே அது பொருந்தும். செயற்கைக்கோள் எதிர்ப்புச் சோதனை அதில் இல்லை. அதைச் சேர்ப்பதும், 'எங்கள் கோள் பழுது, உங்களைச் சந்தேகிக்கவில்லை' என்று உடனே சொல்ல ஒரு நேரடித் தொலைபேசி இணைப்பை ஒதுக்குவதும் நடக்கக்கூடிய காரியங்கள். மூன்றாவது நாடாகச் சீனாவையும் உட்காரவைப்பது கடினம். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

செல்போன் கோபுரம், வங்கி, மின்வாரியம் ஆகியவற்றில், ஜிபிஎஸ் தரும் நேரத்தோடு கடிகாரங்களை ஒத்திசைக்கும் வேலையைக் கவனிப்பவர்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஜிபிஎஸ்ஸோடு இந்தியாவின் சொந்த வழிகாட்டிக் கோள்களான நாவிக் சிக்னலையும் வாங்கும் ரிசீவர், சிக்னல் போனாலும் நேரத்தைத் தாங்கும் ரூபிடியம் அணுக்கடிகாரம். வைத்தபின் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். 5ஜி கோபுரங்களுக்கு 1.5 மைக்ரோ நொடிக்குமேல் பிசகக் கூடாது.