அடிபட்ட மயிலை வீட்டுக்குத் தூக்கி வருவதற்கு முன்

எனக்குத் தெரிந்த பால்காரர் ஒருவர், நாய்கள் குதறிப் போட்ட மயிலைத் தூக்கிவந்து, மஞ்சள் பூசி, கூடைக்குள் விட்டு, மூன்று நாள் கம்பு போட்டுப் பார்த்துக்கொண்டார். நான்காம் நாள் வாசலில் வனத்துறை ஜீப். யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். "காப்பாத்தத்தானே சார் கொண்டுவந்தேன்" என்று அவர் சொன்னதற்கு வந்த ஒரே கேள்வி: "தகவல் கொடுத்தீங்களா?" முதல் நாளே போன் செய்திருந்தார். எடுத்தவர் "காலையில பார்க்கலாம்" என்று வைத்துவிட்டார். அதற்கு அத்தாட்சி எங்கே?

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 39 சொல்வது இதுதான்: காட்டு விலங்கு உங்கள் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும், கேட்டால் ஒப்படைக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் பிடித்து வைப்பதும் வேட்டைதான். மயில் அதன் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புள்ள உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. குற்றம் உறுதியானால் குறைந்தது 3 ஆண்டு சிறை. இரக்கப்பட்டு எடுத்தீர்களா, ஆசைப்பட்டு எடுத்தீர்களா என்பதைக் காகிதம்தான் சொல்லும்.

ஆகவே தொடுவதற்கு முன் போட்டோ எடுங்கள். இடமும் நேரமும் அதில் தெரியட்டும். வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டு, அதே செய்தியை வனவர் அல்லது வனக்காப்பாளரின் வாட்ஸ்அப்புக்கும் அனுப்புங்கள். வெறும் போன் பேச்சு பேச்சோடு போய்விடும். ஆனால் அந்தப் போட்டோவை ஊர் குரூப்பில் போடாதீர்கள். மானைக் கையில் ஏந்திய செல்ஃபி உங்களுக்கு எதிரான சாட்சியாகவே முடியலாம்.

இனி அலைக்கழிப்பு. "அது பட்டா நிலம், எங்க எல்லை இல்லை" என்பார்கள். சட்டம் விலங்கைத்தான் பார்க்கிறது. நிலம் காப்புக்காடா கரும்புத் தோட்டமா என்று பார்ப்பதில்லை. "எந்தச் சரகம், யாரிடம் பேசணும், நம்பர் கொடுங்க" என்று கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள். அடுத்து, "கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்பார்கள். அங்கே போனால் "வனத்துறை லெட்டர் இருக்கா?" இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் செத்த விலங்குகளுக்குக் கணக்கே இல்லை. டாக்டரிடம் வனவரையே போனில் பேசவைப்பதுதான் வழி. 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வரும் ஆம்புலன்ஸ் ஆடு மாடுகளுக்கானது. அதை நம்பி நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

வனத்துறை கைவிரித்தால் காவல் நிலையம். "இதெல்லாம் ஃபாரஸ்ட் வேலை" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். பிரிவு 39 காவல் நிலையத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. இரண்டு வரி எழுதிக் கொடுத்து, மனு வாங்கியதற்கான சி.எஸ்.ஆர் ரசீது கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் மாவட்ட வன அலுவலருக்குப் பதிவுத் தபால். அசட்டுத்தனமாகத் தெரியும், தெரியட்டும்.

சரி, அதுவரை விலங்கை என்ன செய்வது? பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் இருப்பதே உதவி. மான்குட்டி தனியாகப் படுத்திருந்தால் அது அநாதை என்று அர்த்தமில்லை. தாய் அதை ஒளித்துவைத்துவிட்டு மேயப் போயிருக்கும். கரும்பு வெட்டும்போது கிடைக்கும் "சிறுத்தைக் குட்டி" பல நேரம் காட்டுப்பூனைக் குட்டியாக இருக்கும். சிறுத்தையோ பூனையோ, கிடந்த இடத்திலேயே விட்டு ஆட்களை விலக்குங்கள், தகவல் சொல்லுங்கள். இரவில் தாய் வந்து தூக்கிப்போக வாய்ப்பு உண்டு.

அடிபட்ட பறவை என்றால் துளையிட்ட அட்டைப்பெட்டி, இருட்டு, அமைதி. அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பசும்பாலும் வேண்டாம். மானைச் சுற்றிக் கூட்டம் கூடினால், காயத்தில் பிழைத்தது பயத்திலேயே செத்துவிடும். குரங்கு, கீரி, நரி, வௌவால் எது கடித்தாலும் கீறினாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம்.

ஒப்படைக்கும்போது எந்த விலங்கு, என்ன நிலையில், எத்தனை மணிக்கு என்று எழுதி, வாங்குபவரின் பெயரும் பதவியும் கையெழுத்தும் வாங்குங்கள். "அதெல்லாம் எதுக்குங்க" என்று சிரிப்பார்கள். நீங்களும் சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டுங்கள். அப்புறம், வனவரின் கைபேசி எண்ணை இன்றைக்கே தேடி வாங்கிப் பதிந்து வையுங்கள். அலுவலகத்துத் தரைவழி போனை மாலை ஆறு மணிக்கு மேல் எடுக்க ஆள் இருப்பார் என்று நம்ப முடியாது.