படிப்பு ஏறவில்லை என்று சொல்வதற்கு முன்

முதலாம் ஆண்டில் பிள்ளையைச் சேர்த்த சில மாதங்களில் பெற்றோர் என்னிடம் வந்து சொல்வது இதுதான்: "இவனுக்குப் படிப்பே ஏறமாட்டேங்குது டீச்சர். நல்லா ரெண்டு போட்டுச் சொல்லிக்கொடுங்க."

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளியில் குறைநீக்கல் ஆசிரியையாக இருக்கிறேன். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகளைத்தான் என் வகுப்புக்கு அனுப்புவார்கள். புதிதாக ஒரு பிள்ளை வந்தால் அவன் காது, கண், சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றையும் விசாரித்த பிறகே புத்தகத்தைத் திறப்பேன். ஏழு வயதில் நம் கண்ணில் படும் தடுமாற்றம் பல பிள்ளைகளுக்குப் பள்ளி வாசலை மிதிப்பதற்கு முன்பே தொடங்கியிருக்கிறது. ஆறு வயதுக்குள் மூளை பெரியவர்களின் மூளை அளவில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. அந்த ஆறு வருடமும் பிள்ளை நம் வீட்டில், நம் கையில் இருந்த காலம்.

காதிலிருந்து தொடங்குகிறேன். அதிகம் தப்பிப்போவது அதுதான்.

சளி பிடித்த சின்னப் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் தேங்குவது சகஜம். பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது, பெரிய வலி இருக்காது, சீழ் வடியாது. அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பிள்ளைக்குக் காது ஒரேயடியாக அடைத்தும் போகாது. தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு கேட்பதுபோல மங்கலாகக் கேட்கும். பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்குள் தானாகவே வற்றிவிடும். சிலருக்கு வற்றாது. சிலருக்கு அடுத்தடுத்த சளியோடு மறுபடியும் தேங்கும். பேச்சையும் மொழியையும் பிடித்துக்கொள்ள வேண்டிய வயதில் இப்படி மாதக்கணக்கில் மங்கலாகக் கேட்டால் என்ன ஆகும்?

என்னிடம் வந்த ஒரு பையன் சொல்வதெழுதுதலில் 'மரம்' என்பதை 'மர' என்று எழுதுவான். 'பால்' அவனுக்கு 'பா'. நோட்டு முழுக்கச் சிவப்பு மையில் 'கவனம் தேவை' என்று இருந்தது. எதிரில் உட்காரவைத்து, என் வாயைப் பார்க்கும்படி சொற்களைச் சொன்னேன். முக்கால்வாசி சரியாக எழுதினான். அப்புறம் ஒரு புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு அதே சொற்களைச் சொன்னேன். கடைசி மெய்யெழுத்துகள் காணாமல் போயின. கவனக்குறைவு என்று பெயர் வாங்கிய அந்தப் பிள்ளை, உண்மையில் வகுப்பிலேயே அதிகக் கவனத்தோடு ஆசிரியர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஈப்போ மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பார்த்தபோது இரண்டு காதிலும் நீர்.

தமிழில் இது கூடுதலாக அடிக்கிறது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தேன் என்று யார் வந்தது என்பதையே நாம் சொல்லின் வாலில்தான் வைத்திருக்கிறோம். வால் கேட்காத பிள்ளைக்குக் கதை புரியாது. அதில் கேள்வி கேட்டால் விழிக்கும்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று, மெதுவான குரலில் "மைலோ வேணுமா?" என்று கேளுங்கள். வெவ்வேறு நாளில் கேட்டும் திரும்பவில்லையென்றால் கிளினிக்கில் சொல்லுங்கள். "பிறந்தப்பவே காது டெஸ்ட் பண்ணியாச்சு, நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்று விட்டுவிடாதீர்கள். நீர் தேங்குவது பிற்பாடு வரும் கோளாறு. ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன்: மின்விசிறி இரைச்சலிலும் மழை நேரத்துத் தகரக் கூரைச் சத்தத்திலும் நமக்கே காது கேட்பதில்லை. அந்தப் பிள்ளையை முன்வரிசையில் உட்காரவையுங்கள், கரும்பலகையைப் பார்த்தபடி பாடம் சொல்லாதீர்கள்.

கண்ணுக்கு வழி எளிது. பள்ளி சுகாதாரக் குழு முதலாம் ஆண்டில் கண் பார்க்கிறது. குறை இருந்தால் கடிதம் கொடுக்கிறது. அந்தக் கடிதம் புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடப்பதைத்தான் நான் பார்க்கிறேன். தயவுசெய்து பையைக் கொட்டிப் பாருங்கள்.

சரி, இப்போது தேத்தண்ணிக்கு வருவோம். நம் ஊரில் பல வீடுகளில் இன்னும் பிள்ளைக்குக் காலைப் பசியாறல் என்பது கட்டிப்பால் போட்ட தேத்தண்ணியும் அதில் முக்கிய பிஸ்கட்டும்தான். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டிய தோட்டத்து வாழ்க்கையில் அவசரத்துக்கு வந்த பழக்கம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடு போய்த் தாமான் குடியிருப்பு வீடு வந்த பிறகும் அது போகவில்லை. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்துக்கொள்கிறது. கீரை, பயறு போன்றவற்றின் இரும்புதான் இதில் அதிகம் வீணாகிறது.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தை தாயிடமிருந்து சேர்த்துக்கொண்டு வரும் இரும்புச்சத்து ஏறக்குறைய ஆறு மாதத்துக்குத்தான் தாங்கும். அதற்கு மேல் சாப்பாட்டிலிருந்து வந்தாக வேண்டும். மூளை நரம்புகளுக்கு உறை போட, செய்திகளைக் கடத்த எல்லாவற்றுக்கும் இரும்பு தேவை. முதல் இரண்டு வயதில் கடுமையாகக் குறைந்தால், பிற்பாடு மருந்து கொடுத்து இரத்தம் ஏறினாலும் கற்றலில் அதன் பாதிப்பு தங்கிவிடக்கூடும். வகுப்பில் பத்து மணிக்கே மேசையில் தலை சாய்க்கும் பிள்ளை, பச்சரிசியோ சாக்பீஸோ மண்ணோ தின்னும் பிள்ளை, கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உட்புறம் வெளுத்திருக்கும் பிள்ளை, இவர்களைச் சோம்பேறி என்று திட்டுவதற்கு முன் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். வெறுங்காலோடு ஈர மண்ணில் திரியும் பிள்ளைக்குக் கொக்கிப்புழு இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது குடலில் உட்கார்ந்து இரத்தம் குடிக்கும்.

செலவு பெரிதில்லை. முட்டை, மீன், பயறு, முருங்கைக்கீரை, கிடைக்கும்போது கொஞ்சம் ஈரல். கூடவே ஒரு துண்டு கொய்யா கொடுத்தால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். சின்னப் பிள்ளைக்குத் தேத்தண்ணியே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. பாட்டி விடமாட்டார் என்றால் சாப்பாட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்பு மருந்தை மட்டும் டாக்டர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

தூக்கம்: 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரம். தோட்டத்து உட்புறத்திலிருந்து வரும் பிள்ளை பள்ளி வேனுக்காக ஐந்தரைக்கு எழுந்தால் இரவு எட்டரைக்குப் படுத்திருக்க வேண்டும். அன்று படித்ததை மூளை பதியவைப்பது தூக்கத்தில்தான். இரவு பதினொரு மணிவரை கைப்பேசி பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு நான் காலையில் எவ்வளவு கத்தினாலும் பாதி நிற்காது.

கைப்பேசி என்றதும் பேச்சுக்கு வருகிறேன். இரண்டு முதல் நான்கு வயதுவரை திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது, அதுவும் குறைந்தால் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றது. அப்பா ஈப்போவில் ஷிப்ட், அம்மா கடையில் வேலை என்றால் பிள்ளையைச் சமாளிக்கக் கைப்பேசியை நீட்டுவது எனக்குப் புரிகிறது. தோட்ட வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்சென்ற அந்தக் காலத்து ஆயாக்கொட்டகையை நான் புகழ வரவில்லை. ஒரே ஆயாவிடம் அத்தனை பிள்ளைகள், தூளியில் ஆட்டித் தூங்கவைப்பதே பெரும்பாடு. ஆனால் லயத்தில் பிள்ளையோடு வாய் பேச யாராவது இருந்தார்கள். பிள்ளை ஒன்று சொல்ல, நாம் பதில் சொல்ல, அது மறுபடி கேட்க, இப்படித்தான் மொழி வளர்கிறது. காணொளி பதில் சொல்லாது.

இதில் எந்த மொழி என்று கேட்கிறார்கள். உங்களுக்குத் தடையின்றி வரும் மொழி. கதை சொல்ல, கோபப்பட, கொஞ்ச உங்களுக்குத் தமிழ்தான் வருமென்றால் தமிழிலேயே பேசுங்கள். பிள்ளைக்குப் பயன்படும் என்று நாலே வார்த்தை ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு "கம், சிட், ஈட், ஸ்லீப்" என்று வளர்த்தால், அந்தப் பிள்ளை எந்த மொழியிலும் ஒரு முழு வாக்கியம் கேட்காமல் பள்ளிக்கு வருகிறது. இங்கே முதலாம் ஆண்டில் மூன்று மொழியும் இரண்டு வரிவடிவமும் ஒன்றாகக் காத்திருக்கின்றன. ஒரு மொழியாவது திடமாக இருக்கும் பிள்ளை மற்றதைப் பிடித்துக்கொள்கிறது.

இத்தனையும் சரியாக இருந்தும் எழுத்து நிற்காத பிள்ளைகள் உண்டு. எழுத்தைப் பிடித்து வாசிக்கத் திணறவைக்கும் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம், வேறு கற்றல் குறைபாடாக இருக்கலாம். அதற்கும் உதவி இருக்கிறது, சிறப்புக் கல்வி வகுப்புகள் இருக்கின்றன. மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தால் ஊர் என்ன சொல்லுமோ என்று இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போடும் பெற்றோரிடம் நான் கெஞ்சியிருக்கிறேன். அந்த வருடங்களில் பிள்ளை தன்னை முட்டாள் என்று நம்பத் தொடங்கிவிடுகிறது. அந்த நம்பிக்கையைக் கழற்றுவது எழுத்துச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினம்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான். போகும்போது பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டையும் பள்ளி நோட்டு ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் "படிக்கமாட்டேங்கிறான்" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பிடி கிடைக்காது. எப்போதிலிருந்து, எந்தக் காது, எத்தனை மணிக்குத் தூங்குகிறான், காலையில் என்ன சாப்பிடுகிறான் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எழுத நேரமில்லையென்றால் வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள், அவர் வகுப்பில் பார்த்ததை எழுதிக்கொடுப்பார்.