பர்னிஷர்: மெருகூட்டி இல்லை, விளிம்பு மடக்கி

மரத்தைச் சீவும் ஸ்கிரேப்பர் தகட்டின் ஓரத்தில் அழுத்தி இழுக்கும் கடினமான உலோகக் கோல்தான் பர்னிஷர். மரவேலை பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் அதற்கு ‘மெருகூட்டி’ என்றே போடுகிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ‘ஸ்கிரேப்பரின் ஓரத்தை மெருகூட்டியால் மெருகூட்டவும்’ என்று படித்தால், புதிதாகத் தொழில் பழகும் பையன் என்ன செய்வான்? உப்புத்தாளை எடுத்து ஓரம் பளபளக்கும்வரை தேய்ப்பான். அப்புறம் மரத்தில் வைத்துத் தள்ளினால் சுருள் வராது, தூள்தான் வரும். பிழை சொல்லில் இருக்க, தன் கையில்தான் பிழை என்று அவன் நினைத்துக்கொள்வான்.

பர்னிஷர் என்ற சொல்லின் பிறப்பு எளிது. பழைய பிரெஞ்சில் ‘புருனிர்’ என்றால் பழுப்பாக்குவது, பளபளக்கச் செய்வது. ஆங்கிலத்தின் ‘பிரவுன்’ என்ற நிறப்பெயருக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். 14-ம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கிவிட்டது. ஆக, பிறப்பில் பளபளப்பு இருப்பது உண்மை. அகராதியில் அதைப் பார்த்ததும் மொழிபெயர்ப்பவர்கள் வேலை முடிந்ததென்று எழுந்துவிடுகிறார்கள். பட்டறையில் அந்தக் கருவி என்ன செய்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை.

ஸ்கிரேப்பர் என்பது ஏறக்குறைய 0.8 மி.மீ. தடிமனுள்ள எஃகுத் தகடு. முதலில் அதன் விளிம்பை அரத்தால் நேராக, செங்கோணமாக ராவி, எண்ணெய்க்கல்லில் தேய்ப்பார்கள். பிறகு தகட்டைப் பலகைமேல் படுக்க வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பர்னிஷரை அதன் முகத்தில் அழுத்தி ஓரம் நெடுக இழுப்பார்கள். எஃகு கொஞ்சம் விளிம்புக்கு வெளியே பிதுங்கும். கடைசியாகத் தகட்டை வைஸில் நிமிர்த்திப் பிடித்து, பர்னிஷரை 5 முதல் 15 டிகிரி வரை சாய்த்து ஓரத்தின் மேலே இழுத்தால், பிதுங்கிய எஃகு பக்கவாட்டில் மடங்கி நுண்ணிய கொக்கியாகிவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. முகத்திலிருந்து விளிம்பை நோக்கி விரலை மெல்லத் தள்ளினால் நகம் தட்டும். மரத்தைச் சீவுவது அந்தக் கொக்கிதான்.

இதில் மெருகு எங்கே வந்தது? பளபளப்பாக இருக்க வேண்டியது பர்னிஷரின் உடம்பு. அதில் ஒரு கீறல் இருந்தால் அது கொக்கியிலும் பதிந்து, மரத்திலும் கோடு போடும். மெருகேறிய கருவியை ‘மெருகூட்டி’ என்று அழைப்பது செய்வதையும் செய்யப்பட்டதையும் குழப்புவது. முகத்தில் இழுக்கும்போது ஓரம் சற்றே வழவழப்பாகிறதே என்று வாதாடுவார்கள். ஆகட்டும். அது வழியில் நடப்பது, வேலையின் நோக்கம் அதுவல்ல.

மெருகு என்ற சொல்மீது எனக்குக் கோபமில்லை. சுடுமுன் மண்பாண்டத்தைக் கூழாங்கல்லால் தேய்ப்பதும், ஒட்டிய தங்கத் தாளை அகேட் கல்லால் தேய்ப்பதும் மெருகுதான். அங்கே அந்தச் சொல் பொருந்தும். ஆனால் செப்புத் தகட்டில் மெஸோடின்ட் என்ற வகை அச்சுப்படம் செதுக்குபவரிடமும் ஒரு பர்னிஷர் இருக்கிறது. தகடு முழுக்க எழுப்பிய பிசிறை, வெளிச்சம் வேண்டிய இடங்களில் அதைக்கொண்டு அமுக்கி அடக்குகிறார். தச்சரின் பர்னிஷரோ பிசிறை எழுப்புகிறது. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வேலைகளுக்கு, ஆங்கிலப் பெயர் ஒன்று என்பதற்காகத் தமிழிலும் ஒரே பெயரா? வேலையைப் பார்த்துப் பெயர் வைப்பது நம் தொழிலாளிகளின் வழக்கம். துருவுவது துருவி, இடுக்குவது இடுக்கி.

‘தீட்டுகோல்’ என்பார் இன்னொரு கட்சியார். அதுவும் சரியில்லை. தீட்டினால் உலோகம் தேயும். இங்கே துளி எஃகுகூடப் போவதில்லை, இடம்தான் மாறுகிறது. ‘மடக்குக்கோல்’ என்றால் மடக்குக் கத்தி மாதிரி மடித்து வைக்கும் கோல் என்று பொருளாகிவிடும். ‘வளைகோல்’ ஏற்கெனவே ஹாக்கிக்குப் போய்விட்டது. ‘கருக்கு’ நல்ல பழைய சொல், ஆனால் கருக்கரிவாள் போலப் பல் உள்ளதையே அது நினைவூட்டும். ஸ்கிரேப்பர் ஓரத்தில் பல் இல்லை.

எனவே ‘விளிம்பு மடக்கி’ என்கிறேன். தையல்காரர் துணியின் ஓரத்தை மடக்குவதைப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம். வினையும் கூடவே வருகிறது: ‘தகட்டுக்கு விளிம்பு மடக்கியாச்சா?’ என்று பட்டறையில் தயங்காமல் கேட்கலாம். ‘மெருகூட்டியாச்சா?’ என்று கேட்டால் வார்னிஷ் அடித்தாயிற்றா என்பது போலத்தான் இருக்கும். இது வேண்டாம் என்பவர்கள் பர்னிஷர் என்றே எழுதட்டும். தவறான தமிழைவிடத் தெளிவான கடன்சொல் மேல்.

பெயர் சரியாக இருந்தால் கருவியைத் தேர்வதும் எளிதாகும். மெருகூட்டி என்று நினைப்பவர் வழவழப்பான எந்தக் கம்பியையும் எடுப்பார். மடக்குவதென்றால், மடங்கும் தகட்டைவிட மடக்கும் கருவி கடினமாக இருக்க வேண்டும் என்று உடனே தோன்றும். ஸ்கிரேப்பர் எஃகு, கடினத்தை அளக்கும் ராக்வெல் ‘சி’ அளவில் 50-ஐ ஒட்டி இருக்கும். பர்னிஷர் 60-ஐத் தொட வேண்டும். சாதாரண ஸ்க்ரூடிரைவர் கம்பியில் பெரும்பாலும் இந்தக் கடினம் இருக்காது, தகடு அதையே கீறிவிடும். டிரில் பிட்டின் காம்பை எடுப்பவர்கள் முதலில் அரத்தை வைத்துப் பார்க்கட்டும். பல பிட்டுகளில் காம்பு மட்டும் மென்மையாக இருக்கும். அரம் கடித்தால் அந்தக் காம்பு ஆகாது, வழுக்கினால் எடுத்துக்கொள்ளலாம். உருண்டையான ஹைஸ்பீடு எஃகு லேத் டூல் பிட்டோ கார்பைடு கம்பியோ கிடைத்தால் பிடி போட்டாலே போதும். தேய்ந்த முக்கோண அரமும் நல்லதுதான்: பற்களைச் சாணையில் முழுக்க எடுத்து, மூலைகளை உருட்டி, நுண்ணிய உப்புத்தாளில் நீளவாக்கில் கீறலே இல்லாமல் தேய்க்க வேண்டும். சாணை பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். அரம் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் கடினம் போய்விடும்.